சட்டக் கல்லூரித் தோட்டத்துச் சமாதி

சென்னை ஹைகோர்ட்டை ஒட்டியுள்ள பழைய சட்டக் கல்லூரி வளாகத்திலே, அடி பெருத்து நுனி குறுகி ஊசிபோல் உயர்ந்த ஒரு கட்டடம் நிற்கிறது. அது ஒரு சமாதி. கிழக்கிந்தியக் கும்பினியின் உத்தியோகஸ்தர் ஒருவரும், நான்கு வயது நிரம்பாத ஒரு சிறுவனும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். உத்தியோகஸ்தரின் பெயர் ஜோசப் ஹின்மர்ஸ். சிறுவனின் பெயர் டேவிட் யேல். இரத்த சம்பந்தமில்லாத இவ்விருவரையும் ஒரே குடும்பமாக்கியவள் ஒரு பெண்மணி. முன்னவருக்கு அவள் மனைவி, பின்னவனுக்குத் தாய்.

இந்தச் சமாதியைக் குறித்து ஒரு வியாஜ்யம் எழுந்தது. ஹைகோர்ட்டுக்கு வரும் வக்கீல்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் வண்டி நிறுத்த இடம் போதவில்லை. ஆகையால் பல அடுக்கு நிறுத்தகம் ஒன்று கட்ட வேண்டும் என்றார்கள். ஆனால் இச்சமாதி 1921-ம் வருஷத்திலிருந்து தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தூரத்துக்குள் புதுக் கட்டடம் எழுப்பலாகாது என்றும், அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரையில் அனுமதி பெற்றே எழுப்பலாம் என்றும் 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. 2023-ல் ஹைகோர்ட்டின் தனி நீதிபதி, இதற்குத் தொல்பொருள் மதிப்போ சரித்திர மதிப்போ இல்லை என்று கருதி, நான்கு வாரத்துக்குள் இதை வேறிடத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டார்.

"சென்னையில் வண்டி நிறுத்த இடமில்லாமற் போனால் திருப்பூருக்கு என்ன? வெள்ளைக்காரன் சமாதி இருந்தால் என்ன, போனால் என்ன?" என்று நம் வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்தச் சமாதிக்கும், நூலையும் துணியையும் நம்பிப் பிழைக்கும் இந்தச் சீமைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தச் சிறுவனுடைய தகப்பன் பெயரால் இன்று உலகம் முழுதும் அறிந்த ஒரு சர்வகலாசாலை அமெரிக்காவிலே நடக்கிறது. அந்தப் பெயரை அவர் வாங்கிய விலையிலே பெரும்பகுதி துணி. ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

கோட்டைக்கு வெளியே ஒரு மயானம்

1639-ல் கும்பினியார் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். கோட்டைக்குள் ஐரோப்பியர் குடியிருந்தனர். வடக்கே வியாபாரிகளும், துபாஷிகளும், நெசவாளரும், சாயமிடுவோரும், வண்ணாரும் குடியேறிய ஊரை அவர்கள் 'கறுப்பர் பட்டணம்' என்று அழைத்தார்கள். அந்த ஊரை ஒட்டியே கும்பினியார் தங்கள் மயானத்தை வைத்துக்கொண்டார்கள். கடல் கடந்து செல்வம் தேடி வந்தவர்களில் மிகப் பலர் ஊர் திரும்பவில்லை. காய்ச்சலும் பேதியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. மயானம் விரைவில் நிரம்பிற்று.

1680-ல் கோட்டைச் சபையின் இரண்டாம் அங்கத்தினராயிருந்த ஹின்மர்ஸ் இறந்து அங்கே அடக்கமானார். அவருடைய விதவை காதரின், குழந்தைகளோடு நின்றாள். அதே வருஷம் அக்டோபர் 28-ந் தேதி கோட்டைக்குள் செயிண்ட் மேரி ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நவம்பர் 4-ந் தேதி அங்கே நடந்த விவாகமே அந்த ஆலயப் பதிவேட்டில் முதலாவதாக எழுதப்பட்ட விவாகம். மணமகள் காதரின், மணமகன் எலிஹு யேல். அவர்களுக்கு 1684-ல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. டேவிட் என்று பெயரிட்டார்கள். 1688-ம் வருஷத் தொடக்கத்தில் குழந்தை இறந்தது. அப்பொழுது தகப்பன் சென்னையின் கவர்னர். முதற் கணவரின் சமாதியிலேயே தன் மகனையும் வைக்கத் தாய் இசைந்தாள். அடுத்த வருஷம் அவள் மற்றக் குழந்தைகளோடு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். கவர்னர் இங்கேயே தங்கினார்.

எழுபது வருஷங்கள் சென்றன. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும்படையோடு வந்து சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். மயானத்திலே உயரமாகவும் உறுதியாகவும் கட்டப்பட்டிருந்த சமாதிகள் அவருடைய வீரர்களுக்கும் பீரங்கிகளுக்கும் நல்ல மறைவிடமாயின. ஆங்கிலேயர் தங்கள் முன்னோருக்காக எழுப்பிய கட்டடங்களின் பின்னே நின்றுகொண்டே பகைவர் ஆங்கிலேயரைச் சுட்டார்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியது. கோட்டையார் முதற் காரியமாகப் பாடம் கற்றுக்கொண்டார்கள். மயானத்தையே இடித்துச் சமனாக்கினார்கள். பெயர் பொறித்த கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் செயிண்ட் மேரி ஆலயத்தின் முற்றத்தில் தளமாகப் பதித்தார்கள். 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கர் என்னும் பெண்மணியின் கல்லை இன்றும் அங்கே காணலாம்.

அவ்வளவு பெரிய மயானத்திலே இடியாமல் விடப்பட்டவை இரண்டு. ஒன்று இந்த ஹின்மர்ஸ், யேல் சமாதி. மற்றொன்று பௌனி என்னும் குடும்பத்தாரின் நிலவறை. பழைய கறுப்பர் பட்டணமும் போய்விட்டது. கோட்டையின் பாதுகாப்புக்காக வீடுகளை அப்புறப்படுத்தி வெற்றுவெளியாக்கினார்கள். அந்த வெளியிலேதான் 1892-ல் ஹைகோர்ட் திறக்கப்பட்டது. 1899-ல் அதனருகே சட்டக் கல்லூரிக் கட்டடம் எழுந்தது. தமிழ்நாட்டின் வக்கீல்களில் எத்தனையோ தலைமுறையினர் அந்தச் சமாதியின் நிழலில் நின்று சட்டம் பேசியிருக்கிறார்கள். 2018-ல் கல்லூரி வகுப்புகள் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றப்பட்டன. மாணவர் போய்விட்டனர், சமாதி நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மயானத்தை அழித்தவர்கள் தேசபக்தர்கள் அல்லர், கும்பினியாரே. யுத்த அவசியம் வந்தபோது தங்கள் சொந்தக் கல்லறைகளையே அவர்கள் இடித்தார்கள். ஆகையால் 'அந்நியர் சமாதியை அசைத்தால் நாகரிகத்துக்கே இழுக்கு' என்று யாராவது நமக்கு உபதேசம் செய்ய வந்தால், அந்த உபதேசத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் 'அதற்குச் சரித்திர மதிப்பு இல்லை' என்ற வாதத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. காரணம் சொல்கிறோம்.

பத்துப் பவுன் குமாஸ்தா

எலிஹு யேல் 1649-ல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் பிறந்தவர். சிறு குழந்தையாயிருக்கும்போதே அவருடைய குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. 1672-ல் அவர் சென்னைக்கு வந்தபோது கும்பினியில் 'ரைட்டர்' என்னும் கடைநிலைக் குமாஸ்தா. வருஷச் சம்பளம் 10 பவுன். பதினைந்து வருஷத்தில் கவர்னரானார். 1692-ல் சொந்த வியாபாரத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டின்மேல் கும்பினியாரே அவரை நீக்கினார்கள். கணக்கு வழக்குகள் தீராமல் மேலும் ஏழு வருஷம் சென்னையிலேயே இருந்து, 1699-ல் பெருஞ்செல்வத்தோடு இங்கிலாந்து சேர்ந்தார். பத்துப் பவுன் சம்பளக்காரர் பிரபுக்களுக்குச் சமமாக வாழ்ந்தார் என்றால், அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? துணியிலும் வைரத்திலும் செய்த சொந்த வியாபாரத்திலிருந்து வந்தது. அந்தக் கும்பினி ஆட்சியிலேயே இன்னொரு வியாபாரமும் நடந்தது. அதைச் சொல்லவும் நா கூசுகிறது.

1680-களின் பிற்பகுதியில் சென்னைப் பக்கத்திலே கடும் பஞ்சம் நிலவியது. பஞ்சத்தில் ஜனங்கள் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்றார்கள். விற்காத குழந்தைகளைத் திருடிக் கொண்டுபோய் விற்போரும் இருந்தார்கள். 1687-ல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் சென்னைத் துறையிலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டதாகக் கும்பினியின் கணக்குகளிலிருந்து ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்குத் திரும்பும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளையாவது அனுப்ப வேண்டும் என்ற கட்டளை கோட்டைச் சபையிலிருந்து பிறந்தது. செயிண்ட் ஹெலினாத் தீவில் கும்பினிக்கு உழைக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தச் சபையில் அங்கத்தினராகவும், பிறகு தலைவராகவும் அமர்ந்திருந்தவர் யேல். 1688-ல் சபை இந்த ஏற்றுமதியைத் தடுத்தது. கோல்கொண்டா முகலாயர் கைக்குப் போன பிறகு, அவர்களுடைய அதிருப்திக்கு அஞ்சியே அந்தத் தடை வந்தது, இரக்கத்தால் வந்ததன்று.

இந்த வருஷங்களை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எந்தப் பஞ்ச காலத்தில் தமிழ்த் தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் துறைமுகத்தில் பறிகொடுத்து அழுதார்களோ, அதே காலத்தில் கவர்னரின் மனைவியும் தன் மகனைப் பறிகொடுத்து அழுதாள். அவளுடைய துக்கம் பொய்யான துக்கம் அன்று. மூன்று வயதுக் குழந்தையின் சாவு எந்தச் சாதியிலும் எந்தத் தேசத்திலும் ஒன்றே. ஆனால் அவளுடைய மகனுக்குக் கல் இருக்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது. கப்பலேறிய பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தில் வெறும் எண்ணிக்கை. சட்டக் கல்லூரித் தோட்டத்தில் நின்று அந்தக் கோபுரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தமிழனும் நினைக்க வேண்டியது இது. இதை நினைவூட்டும் பொருளுக்குச் சரித்திர மதிப்பு இல்லை என்றால், வேறு எதற்கு உண்டு?

ஒன்பது பொதி சரக்கு

அமெரிக்காவின் கனெக்டிகட் பிரதேசத்தில் 1701-ல் ஒரு சிறு கலாசாலை ஏற்பட்டது. கட்டடம் முடிக்கப் பணமில்லாமல் அது தத்தளித்தது. 1718-ல் பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர், லண்டனில் வசித்த யேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கலாசாலைக்கு அவர் பெயரை வைத்தால் எகிப்து தேசத்துப் பிரமிடைக் காட்டிலும் சிறந்த நினைவுச் சின்னமாகும் என்று அதிலே ஆசை காட்டினார். பிரமிடு என்றால் சமாதிதானே! பாதிரியார் யேலுக்கு விற்றது, அழியாத ஒரு சமாதி.

யேல் இசைந்தார். ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். பொதிகளில் இருந்தவை காலிக்கோ, மஸ்லின் முதலான துணிவகைகள். அவற்றைப் பாஸ்டனில் விற்றபோது சுமார் 562 பவுன் கிடைத்தது. கலாசாலை யேல் கலாசாலையாயிற்று. 1887-ல் யேல் சர்வகலாசாலையாயிற்று. அமெரிக்க ஜனாதிபதிகளிற் சிலரும் அங்கே படித்தவர்கள்.

அந்தப் பொதிகளில் இருந்த ஒவ்வொரு முழமும் தமிழ்நாட்டுத் துணி என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் அது மிகை. கொங்கு நாட்டுத் தறியில் நெய்தது என்றும் சொல்லவில்லை. நம் கோயமுத்தூர்ச் சீமை திப்பு வீழ்ந்த பிறகு 1799-ல்தான் கும்பினி வசமாயிற்று. ஆனால் யேலின் செல்வத்தை வளர்த்த சென்னை வியாபாரத்தின் உயிர்நாடி பருத்தித் துணியே என்பதில் ஐயமில்லை. சென்னைத் துணிக்கு அந்நாளில் எவ்வளவு கிராக்கி இருந்தது என்பதற்கு இங்கிலாந்தின் பார்லிமெண்டே சாட்சி. 1700-ல் நம் அச்சடித் துணிகளை இறக்குமதி செய்யலாகாதென்று சட்டம் செய்தார்கள். அதுவும் போதாமல் 1721-ல் காலிக்கோவை உடுத்தவே கூடாதென்று சட்டம் செய்தார்கள். யேல் லண்டனில் இறந்ததும் அந்த 1721-ல்தான். நம் துணியால் செல்வரானவர் புதைக்கப்பட்ட அதே வருஷத்தில், நம் துணியை உடுத்துவதைத் தடுக்கும் சட்டம் அவர் தேசத்தில் பிறந்தது.

யேலின் கடைசிக் காலத்தில் எழுதப்பட்ட ஓவியம் ஒன்று அவர் பெயர்கொண்ட சர்வகலாசாலையில் இருக்கிறது. யேலும் பிரபுக்களும் மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். அவன் கழுத்திலே உலோகப் பட்டை. 2020-ல் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். ஓவியம் எப்பொழுது எழுதப்பட்டது, அந்தச் சிறுவன் யார் என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். அவன் பெயர் அகப்படவில்லை. பிறகு விளக்கத்தோடு படத்தை மீண்டும் மாட்டினார்கள். 2024-ல் சர்வகலாசாலையார் அடிமைமுறையோடு தங்களுக்கிருந்த பழைய தொடர்புக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அந்தச் சரித்திரத்தைப் புத்தகமாகவும் வெளியிட்டார்கள். அமெரிக்கர் தங்கள் கறையைத் தாங்களே எழுதி வைக்கிறார்கள். நாமோ, நம் ஜனங்களுக்கு நேர்ந்த கொடுமைக்குச் சாட்சியாக நம் மண்ணில் நிற்கும் ஒரே கல்லை, வண்டிக்கு இடம் வேண்டி அப்புறப்படுத்தப் பார்க்கிறோம்!

தறிக்காரனுக்குக் கல் உண்டா?

கும்பினியார் துணி வாங்கிய முறையை நம் வாசகர்கள் அறிய வேண்டும். கப்பல் வருவதற்கு முன்பே வியாபாரிகளோடு ஒப்பந்தம் செய்து முன்பணம் கொடுப்பார்கள். வியாபாரி அதைத் தரகர் மூலம் கிராமத்து நெசவாளனுக்குக் கொடுப்பான். துணி கோட்டைக்கு வந்ததும் பண்டசாலையில் நீளம், அகலம், இழை நெருக்கம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மாதிரிக்குக் குறைந்ததைத் தள்ளுவார்கள், அல்லது விலையை அறுப்பார்கள். தள்ளிய துணியின் நஷ்டம் படிப்படியாக இறங்கிக் கடைசியில் தறிக்காரன் தலையில் விடியும். நூல் விலை ஏறினாலும் அவன் வாங்கிய முன்பணம் ஏறாது. பஞ்சம் வந்தால் முதலில் பட்டினி கிடப்பவனும் அவனே.

அவனை விட்டால் கும்பினிக்கும் பிழைப்பில்லை. ஆதலால் நெசவாளரைக் கூவி அழைத்துக் குடியேற்றினார்கள். கவர்னர் காலெட் காலத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் ஏற்பட்ட நெசவாளர் குடியிருப்பு, அவர் பெயரால் காலாடிப்பேட்டை என்று இன்றும் வழங்குகிறது. 1734-ல் ஏற்பட்ட சிந்தாதிரிப்பேட்டை, நூற்போர், நெய்வோர், அச்சிடுவோர், வெளுப்போருக்கென்றே அமைக்கப்பட்டது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே அப்படி மருவியது என்று சொல்வார்கள். பேட்டைக்குக் கவர்னர் பெயர் வந்தது. தறிக்குப் பெயர் வந்தது. தறியில் உட்கார்ந்தவன் பெயர் எங்கேயும் வரவில்லை.

திருப்பூரில் வாழும் நமக்கு இந்த வியாபாரம் புதிதாகத் தோன்றவில்லை. ஆர்டர், மாதிரிப் பீஸ், ஜாப் ஒர்க், செக்கிங், ரிஜெக்ட் என்ற வார்த்தைகள் நம் தெருக்களில் நாள்தோறும் ஒலிக்கின்றன. சீமையிலிருந்து ஆர்டர் வருகிறது. கம்பெனி எடுக்கிறது, ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவும், விலை அறுப்பும் படிப்படியாகக் கீழே இறங்குகின்றன. சட்டையின் கழுத்துப் பட்டையில் அயல்நாட்டு வியாபாரியின் பெயர் இருக்கிறது. பவர் டேபிளில் குனிந்து அதைத் தைத்த பெண்ணின் பெயர் அதில் இல்லை. கலியாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' நம் சீமையின் நூல் ஆலைகள் சிலவற்றில்தான் நடந்தது. அதை நடத்தியவர்கள் கும்பினிக்காரர் அல்லர், நம்மவரே. யேலைப் பற்றிப் பேசும்போது இதையும் நாம் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிலை வேறு, சமாதி வேறு

"அந்நிய ஆட்சியின் சின்னங்களைச் சுதந்திர தேசம் ஏன் காக்க வேண்டும்?" என்று தேசபக்தர் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் முன்பே விடை கண்டிருக்கிறார்கள். 1857-ம் வருஷப் புரட்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் என்பவனுக்குச் சென்னை மவுண்ட் ரோடிலே சிலை நின்றது. 1927-ல் அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள், சிறை சென்றார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை அமைந்தவுடன் சிலை அகற்றப்பட்டது. அதை உடைத்துத் தெருவில் எறியவில்லை. எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பினார்கள். அதிகாரம் கைக்கு வந்தபோதும் நிதானம் இழக்காத செய்கை அது.

நீல் சிலைக்கே அந்த மரியாதை செய்தோம். சிலை என்பது புகழுக்காக நாற்சந்தியில் நிறுத்தப்படுவது. வழிப்போக்கனைத் தலைவணங்கச் சொல்வது. சமாதி துக்கத்துக்காக எழுப்பப்படுவது. யாரையும் வணங்கச் சொல்லாதது. அதிலும் இந்தச் சமாதி எலிஹு யேலுக்கு உரியதன்று. அவர் வேல்ஸ் தேசத்து ரெக்ஸம் நகரில் அடக்கமாகியிருக்கிறார். இங்கே இருப்பது ஒரு குழந்தை. தகப்பன் செய்த பாவத்துக்கு மூன்று வயதுப் பிள்ளையின் எலும்பைத் தண்டிப்பது நம் தர்மத்தில் இல்லை.

இறந்தோருக்குக் கல் நடுவது தமிழருக்கு அந்நியமான வழக்கமும் அன்று. ஊர் காத்து மடிந்த வீரனுக்கு நடுகல் நட்டு, அவன் பெயரையும் செய்கையையும் அதில் பொறித்து வைத்த ஜாதி நாம். நம் நொய்யல் கரையிலேயே, சென்னிமலைக்கு அருகில், கொடுமணல் இருக்கிறது. 1980-களிலிருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில், இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேற்பட்ட ஈமக் குழிகளும், மணிக்கற்களும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களிச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. அந்தக் கல்வட்டங்களை யாராவது பழைய கல் என்று வண்டியில் ஏற்றிப் போயிருந்தால், நொய்யல் கரையில் அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே நூல் நூற்றார்கள் என்று இன்று யார் சொல்லியிருப்பார்கள்? மயானம் என்பது இறந்தவர்களைவிட இருப்பவர்களுக்கே அதிகம் பயன்படும் சாசனம்.

செய்ய வேண்டியது

வக்கீல்களின் சங்கடம் உண்மையானது என்பதை நாம் மறுக்கவில்லை. தூர ஊர்களிலிருந்து வழக்குக்காக வரும் ஏழைக் கட்சிக்காரருக்கு வசதி வேண்டும். அதற்காகச் சமாதி வேறிடம் போக வேண்டுமா, வண்டிகள் வேறிடம் போக வேண்டுமா என்பதை நியாயஸ்தலமும் சர்க்காரும் தீர்மானிக்கட்டும். நம் அபிப்பிராயம், அந்தக் கல் எந்த மண்ணில் முந்நூறு வருஷத்துக்கு மேல் நின்றதோ அங்கேயே நிற்பது நலம் என்பதே. மாற்றியே தீர வேண்டுமென்றால், கல் கல்லாக எண் இட்டு, படம் எடுத்து, உள்ளே இருப்போரின் எலும்புக்குரிய மரியாதையோடு மாற்ற வேண்டும். பௌனி குடும்பத்து நிலவறைக்கும் இதே நீதி வேண்டும்.

எங்கே நின்றாலும், 'பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்' என்ற அளவில் ஒரு பலகை போதாது. ஹின்மர்ஸ் யார், டேவிட் யார், அவன் தகப்பன் எப்படிச் செல்வரானார், 1687-ல் துறைமுகத்தில் என்ன நடந்தது, ஒன்பது பொதியால் எந்தச் சர்வகலாசாலைக்குப் பெயர் வந்தது என்பதையெல்லாம் எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும். யேல் சர்வகலாசாலையார் தங்கள் ஊரில் செய்ததை இங்கேயும் செய்ய உதவ முன்வருவார்களானால், அது வெறும் மன்னிப்பைவிடப் பெரிதாகும்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 1932-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி திருப்பூர்த் தெருவில் கொடியை விடாமல் அடிபட்டு, மறுநாள் உயிர் நீத்த குமரன், சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குச் சாலையும் நினைவிடமும் இருக்கின்றன. தறிக்குடியில் பிறந்த ஒருவருக்காவது கல் கிடைத்தது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அவரோடு நூல் நூற்றவர்கள் யார்? கதர் இயக்க நாட்களில், சர்க்கா சங்கத்துக்காகச் சுற்றுக் கிராமங்களில் ராட்டை சுற்றிய பெண்கள் யார்? முதல் பனியன் மிஷின்களை ஓட்டியவர்கள் யார்? இன்று பீகாரிலிருந்தும் ஒடிஸ்ஸாவிலிருந்தும் வந்து நம் ஊரில் உழைப்பவர்கள் யார்?

அவர்களுடைய பெயர்கள் இன்னும் முற்றும் அழிந்துவிடவில்லை. பழைய கதர்ச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களிலும், ஆலைகளின் வருகைப் பதிவேடுகளிலும், பனியன் கம்பெனிகளின் சம்பளப் பட்டியல்களிலும், தொழிற்சங்கச் சந்தா ரசீதுகளிலும் இருக்கின்றன. வருஷந்தோறும் ஆயுத பூஜைக்கு இடம் ஒழிக்கும்போது அவை பழைய பேப்பர்க் கடைக்கு எடைபோட்டுப் போகின்றன. முதலாளிமாரையும் சங்கத்தாரையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த வருஷம் அவற்றைப் போடாதீர்கள். ஊர்ப் பொது நூல்நிலையத்தில் ஒரு அறையும் நாலு அலமாரியும் போதும். நம் வாசகர்களில் செயல்வீரர் அநேகர் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில், ஒரு சங்கத்தில் போய்க் கேளுங்கள். ஒரு மூட்டைக் காகிதமாவது காப்பாற்றுங்கள்.

கவர்னரின் மகனுக்குப் பெயர் பொறித்த கல் மூன்று நூற்றாண்டு தாண்டி நிற்கிறது. அதை நாம் இடிக்க வேண்டாம். நம்முடையவர்களின் பெயர்களை நாமே எடைக்குப் போடாமல் இருப்போம்.